சீட்டில் இல்லாத பெயர்

ராத்திரி தூக்கம் வராவிட்டால் பழைய தேர்தல் முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எந்த ஊர், எந்த வருடம் என்பதெல்லாம் முக்கியமில்லை. பெயர், கட்சி, வாங்கிய ஓட்டு, சதவீதம் என்று நான்கு பத்தி இருந்தால் போதும், அதற்குள் ஒரு கதை கிடக்கும். வீட்டில் இதை ஒரு வியாதி என்றுதான் சொல்கிறார்கள்.

2025 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க செனட்டில் கோரி புக்கர் நின்ற இடத்திலேயே 25 மணி 5 நிமிடம் பேசி முடித்தார். உடனே எல்லாச் செய்திகளிலும் இன்னொரு பெயரும் கூடவே வந்தது. 1957இல் 24 மணி 18 நிமிடம் பேசிய தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட். அறுபத்தேழு வருடமாக அசையாமல் இருந்த சாதனை அது. கறுப்பினத்தவருக்கான குடிமை உரிமைச் சட்டத்தை மறிக்க அவர் பேசினார், அந்தச் சாதனையை முறியடித்தவர் ஒரு கறுப்பின செனட்டர். இந்தப் பொருத்தத்தைப் பற்றி அன்றைக்கே எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், எனக்கு அதில் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. எனக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. வேலை விஷயமாகத் தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் சில மாதம் இருந்தபோது இந்த மனிதரின் சிலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று ராத்திரி தர்மண்டின் தேர்தல் வரலாற்றைத் திறந்து உட்கார்ந்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

முதல் தேர்தல் 1928, சொந்த மாவட்டமான எட்ஜ்ஃபீல்டில் பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர் பதவிக்கு. கடைசித் தேர்தல் 1996. இரண்டுக்கும் நடுவில் 68 வருடம். ரேடியோ வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் ஓட்டுக் கேட்க ஆரம்பித்தவர், இணையம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் நிறுத்தியிருக்கிறார். பிறந்தது 1902 டிசம்பர் 5. நூறாவது பிறந்தநாளை செனட்டராகவே கொண்டாடி, அடுத்த மாதம் பதவியை விட்டு இறங்கி, 2003 ஜூனில் எட்ஜ்ஃபீல்டிலேயே இறந்தார். நூறு வயதில் செனட்டராக இருந்தவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

அட்டவணையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்த நூறு சதவீதங்கள். 1946 ஆளுநர் தேர்தல், நூறு. 1956 செனட், நூறு. 1960 செனட், கிட்டத்தட்ட நூறு. அடேயப்பா என்றுதான் தோன்றும். இங்கேதான் அட்டவணை நம்மை ஏமாற்றுகிறது. அந்தக் காலத் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சி என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. உள்நாட்டுப் போரில் தெற்கைத் தோற்கடித்த லிங்கனின் கட்சி ஆயிற்றே, வெள்ளையர் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதனால் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல், அதுதான் நிஜமான தேர்தல். நவம்பரில் நடப்பது சும்மா ஒரு சடங்கு. 1946இல் ஆளுநர் பதவிக்கான பிரைமரியில் 11 பேர் நின்றார்கள், இரண்டாம் சுற்றில் ஜேம்ஸ் மெக்லியோட் என்ற மருத்துவரும் தர்மண்டும் மோதினார்கள், அதில் விழுந்த ஓட்டு இரண்டரை லட்சத்துக்கும் மேல். நவம்பர் பொதுத் தேர்தலில் தர்மண்டுக்கு விழுந்தது சுமார் 26 ஆயிரம். பத்தில் ஒன்பது பேர் ஓட்டுப் போடவே வரவில்லை, அவர்களைப் பொறுத்தவரை தேர்தல் செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. நூறு சதவீதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

சரி, அந்தப் பிரைமரியில் யார் ஓட்டுப் போட்டார்கள்? அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி கிடையாது. 1946இல் தென் கரோலினாவின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் கறுப்பினத்தவர் ஓட்டுப் போட முடியாது. 1944இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கு மட்டுமான பிரைமரி செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டதும் அப்போதைய ஆளுநர் ஓலின் ஜான்ஸ்டன் சட்டமன்றத்தை அவசரமாகக் கூட்டி, பிரைமரி சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டங்களை ஒன்றுவிடாமல் நீக்கினார். சட்டம் இருந்தால்தானே நீதிமன்றம் தலையிடும், சட்டமே இல்லாவிட்டால் கட்சி ஒரு தனியார் கிளப், கிளப்பில் யாரைச் சேர்ப்பது என்பது கிளப்பின் இஷ்டம் என்பது கணக்கு. 1947இல் வேடிஸ் வேரிங் என்ற நீதிபதி இந்தக் கணக்கைக் கலைத்தார். அவர் வெளியூர்க்காரர் இல்லை, சார்ல்ஸ்டனின் பழைய வெள்ளைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிரைமரியில் எல்லாரையும் விட்டாக வேண்டும் என்றார். 1948 ஆகஸ்டில் கறுப்பினத்தவர் முதன்முறையாக அந்தப் பிரைமரியில் வரிசையில் நின்றார்கள்.

இந்த ஓலின் ஜான்ஸ்டன் பெயரை மறந்துவிட வேண்டாம், இரண்டு வருடத்தில் திரும்பி வருவார்.

அதற்கு முன்னால் 1948. அதிபர் ட்ரூமன் கறுப்பினத்தவருக்கான குடிமை உரிமைத் திட்டம் ஒன்றைக் கையில் எடுத்ததும் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, ஜூலை 17 அன்று அலபாமாவின் பர்மிங்காமில் கூடி, மாநில உரிமை ஜனநாயகக் கட்சி என்று ஒன்றை அமைத்தார்கள். பத்திரிகைகள் வைத்த பெயர் டிக்சிகிராட். அதிபர் வேட்பாளர் தர்மண்ட், துணை அதிபர் வேட்பாளர் மிசிசிப்பி ஆளுநர் ஃபீல்டிங் ரைட். ஜெயிப்பது அவர்கள் நோக்கம் இல்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் செய்து, முடிவைப் பிரதிநிதிகள் சபைக்குத் தள்ளி, அங்கே பேரம் பேசுவதுதான் திட்டம். அங்கே அதிபரை முடிவுசெய்வது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் ஓட்டு, அதைத்தான் எலக்டோரல் ஓட்டு என்பார்கள். தர்மண்டுக்கு அதில் 39 கிடைத்தது. ட்ரூமனுக்கோ 303. பேரத்துக்கு வழியே இல்லாமல் போயிற்று.

ஆனால் அந்த 39 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தென் கரோலினா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று நான்கு மாநிலம், கூட டென்னசியில் கட்சி மாறி ஓட்டுப் போட்ட ஒரே ஒரு தேர்வாளர். இந்த நான்கு மாநிலத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. அங்கெல்லாம் மாநில ஜனநாயகக் கட்சி தன்னுடைய அதிகாரபூர்வ வேட்பாளர் தர்மண்ட்தான் என்று வாக்குச் சீட்டில் போட்டுவிட்டது. அலபாமாவில் ட்ரூமனுக்கு ஓட்டுப் போட நினைத்தவருக்குச் சீட்டில் ட்ரூமன் பெயரே இல்லை. நாட்டின் அதிபராக உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அந்த நிலைமை! மிசிசிப்பியில் தர்மண்டுக்கு 87 சதவீதம். பக்கத்தில் ஜார்ஜியா, அதே மண், அதே வெள்ளையர், அதே கோபம், ஆனால் கட்சிப் பெயர் ட்ரூமனிடம் இருந்தது, தர்மண்டுக்கு விழுந்தது சுமார் 20 சதவீதம். கொள்கைக்காக விழுந்த ஓட்டு எவ்வளவு, அப்பா தாத்தா காலத்திலிருந்து போட்டுவந்த கட்சிப் பெயருக்குக் கை தானாகப் போய் விழுந்த ஓட்டு எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடுகின்றன. சீட்டில் உன் பெயர் எங்கே, யாருடைய பெயருக்குக் கீழே அச்சாகிறது என்பதுதான் தேர்தல் என்று தர்மண்ட் அன்றைக்குப் பாடம் கற்றிருப்பார் என்று நினைத்தேன். ஆறு வருடம் கழித்து அவரே அதைப் பொய்யாக்கினார்.

1950இல் ஆளுநர் பதவிக்காலம் முடியப்போகிறது, செனட்டுக்குக் குறிவைத்து பிரைமரியில் நின்றார். எதிரே பதவியில் இருந்த செனட்டர், நம்ம ஓலின் ஜான்ஸ்டன். மாவட்டம் மாவட்டமாக ஒரே மேடையில் இரண்டு பேரும் ஏறி, இனப் பிரிவினையைக் காப்பதில் நீ பெரியவனா நான் பெரியவனா என்று மோதிக்கொண்டார்கள். கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது என்பதற்காக மாநிலத்தின் பிரைமரிச் சட்டங்களையே கொளுத்தியவர் ஒருவர், அதிபர் தேர்தலில் அதே விஷயத்துக்காகத் தனிக்கட்சி கண்டவர் இன்னொருவர். புதிதாக ஓட்டுரிமை கிடைத்த கறுப்பின வாக்காளருக்கு முன்னால் இருந்த தேர்வு இதுதான். அவர்கள் பெரும்பாலும் ஜான்ஸ்டனுக்குப் போட்டார்கள். பாசத்தால் இல்லை, அவருக்கு ஆலைத் தொழிலாளர் பக்கம் கொஞ்சம் சாய்வு இருந்தது, தர்மண்ட் தோற்றால் போதும் என்ற எண்ணமும் இருந்தது. ஜான்ஸ்டனுக்கு 1,86,180, தர்மண்டுக்கு 1,58,904. தென் கரோலினாவில் மாநில அளவில் தர்மண்ட் தோற்ற ஒரே தேர்தல் அது. அந்த 27 ஆயிரம் வித்தியாசத்தை நான் இரண்டு மூன்று முறை பார்த்தேன். தோற்றதற்குக் காரணம் அது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன், ட்ரூமனை எதிர்த்துக் கட்சியை உடைத்தவர் என்ற கோபம் வெள்ளைக் கட்சிக்காரர்களுக்கும் இருந்தது. ஆனாலும் வேரிங்கின் தீர்ப்பு வந்து மூன்றே வருடத்தில் அட்டவணையில் அதன் தடம் தெரிகிறது.

இப்போது 1954. எனக்கு இந்த ஆளைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதே இந்த வருடத்தால்தான்.

அங்கே மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள். தென் கரோலினாவின் மற்றொரு செனட்டர் பர்னெட் மேபேங்க், பிரைமரியில் எதிர்ப்பில்லாமல் தேர்வாகிவிட்டார், நவம்பரிலும் எதிரே ஆள் இல்லை. ஆறு வருடத்துக்குக் கவலை இல்லாமல் இருந்தவர் செப்டம்பர் 1 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. புதிதாக ஒரு பிரைமரி வைப்பதா, வேண்டாமா? அடக்கம் முடிந்த கையோடு மாநிலக் கட்சியின் செயற்குழு கூடி, நேரம் இல்லை என்று சொல்லி, எட்கர் பிரவுனை வேட்பாளராக அறிவித்தது. பிரவுன் பார்ன்வெல் மாவட்டத்து மாநில செனட்டர், மாநிலத்தின் கஜானா சாவியே அவர் இடுப்பில்தான் என்று சொல்லுமளவுக்குச் செல்வாக்கு. செனட் பதவிக்கு முன்பே இரண்டு தடவை முயன்று கிடைக்காமல் போனவர். அந்த செயற்குழுவில் அவரே ஒரு பெரிய தலை. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

தர்மண்டுக்குப் பிரவுன் பழைய பகை. 1946இல் அவர் ஆளுநர் தேர்தலில் ஊர் ஊராகத் திட்டியதே ‘பார்ன்வெல் கும்பல்’ என்று பெயர்பெற்ற பிரவுனின் கூட்டத்தைத்தான். இப்போது அதே ஆள், ஓட்டே இல்லாமல், ஒரு அறைக்குள் உட்கார்ந்த சிலரின் தயவில் செனட்டுக்குப் போகப் பார்க்கிறார். தர்மண்ட் எழுதிப் போடும் வேட்பாளராக இறங்கினார்.

பொத்தானை அமுக்கி ஓட்டுப் போட்டுப் பழகிய நமக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அங்கே பல மாநிலங்களில் சீட்டில் அச்சிட்ட பெயர்களுக்குக் கீழே ஒரு காலி வரி விட்டிருப்பார்கள். அச்சிட்ட யாரையும் பிடிக்கவில்லையா, நீங்களே ஒரு பெயரைக் கையால் எழுதலாம். எண்ணும்போது அதையும் எண்ணுவார்கள். வழக்கமாக அந்த வரியில் மிக்கி மவுஸ் பெயரை எழுதிவிட்டுச் சிரிப்பார்கள், ஜெயிப்பதற்காக யாரும் அதை நம்பி இறங்குவதில்லை. ஏனென்றால் வாக்காளர் உங்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, சரியான இடத்தில் எழுத வேண்டும். படிப்பறிவு குறைந்த ஆலை ஊர்களிலும் பருத்திக் காடுகளிலும் இதைச் செய்யவைக்க வேண்டும். அதுவும் கட்சிச் சின்னத்தின் கீழ் ஒரே கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கத்தில் ஊறிய மாநிலத்தில்.

ஆளுநர் ஜேம்ஸ் பர்ன்ஸ், முன்பு வெளியுறவு அமைச்சராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர், தர்மண்ட் பக்கம் நின்றார். நாளேடுகளில் பெரும்பாலானவை தர்மண்ட் பக்கம். பேச்சு முழுக்க ஒரே பேச்சுதான்: உங்கள் செனட்டரை நீங்கள் தேர்ந்தெடுக்கவேண்டுமா, செயற்குழு தேர்ந்தெடுக்கவேண்டுமா? கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுத்தார். ஜெயித்தால் 1956இல் ராஜினாமா செய்வேன், நீங்கள் ஒழுங்காக ஒரு பிரைமரியில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முடிவு: கையால் எழுதிய தர்மண்ட் 1,43,444. அச்சிட்ட பிரவுன் 83,525. அறுபத்து மூன்று சதவீதம். சீட்டில் அச்சாகியிருந்த வேட்பாளரை எதிர்த்து, எழுதிப் போட்ட ஓட்டாலேயே செனட்டுக்குப் போன முதல் ஆள். அப்படி அடுத்த ஆள் வர 56 வருடம் ஆனது, 2010இல் அலாஸ்காவில் லிசா முர்கௌஸ்கி.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு மனசு. ஒருபக்கம், ஒரு கட்சி இயந்திரத்தை ஒன்றரை லட்சம் பேர் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு கவிழ்த்தது நிஜமான ஜனநாயகம், அதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. இன்னொருபக்கம், “மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்” என்று முழங்கிய வாய் யாருடையது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த மாநிலத்துக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் பதிவுப் பட்டியலிலேயே ஏற முடியாதபடி எழுத்தறிவுச் சோதனையும் மிரட்டலும் காவல் நின்ற வருடம் அது. அந்த வருடம் மே மாதம்தான் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பும் வந்திருந்தது, தர்மண்ட் அதை எதிர்த்தவர். மக்கள் என்று அவர் சொன்னபோது அவர் மனசில் ஒரு பட்டியல் இருந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் சொல்லவேண்டும். 1956 ஏப்ரல் 4 அன்று ராஜினாமா செய்தார். எதிர்த்து நிற்க ஒருத்தரும் வரவில்லை. நவம்பரில் நூறு சதவீதத்தோடு திரும்பிப் போய் உட்கார்ந்தார். அட்டவணையில் நான் முதலில் சிரித்த நூறுகளில் ஒன்று இது, ஆனால் 1946இன் நூறு வேறு, இந்த நூறு வேறு.

அடுத்த வருடம்தான் அந்த 24 மணி நேரப் பேச்சு. உடம்பில் தண்ணீர் வற்றினால் கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்காது என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்துவிட்டு, ஆகஸ்ட் 28 இரவு எழுந்து நின்றார். என்ன பேசினார் தெரியுமா? அன்றைக்கிருந்த 48 மாநிலத்துத் தேர்தல் சட்டங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் மாநிலங்களில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது, ஓட்டுரிமைக்கு மத்தியச் சட்டம் தேவையில்லை என்பது வாதம். சீட்டின் காலி வரியில் ஏறி வந்தவர், ஓட்டுச் சாவடிக் கதவை மற்றவருக்குத் திறக்கக் கூடாது என்று தேர்தல் சட்டத்தையே படித்துக் காட்டி ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறார். அவர் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் சட்டம் 60க்கு 15 என்று நிறைவேறியது.

1960 பிரைமரியில் பத்துக்கு ஒன்பது ஓட்டு அவருக்கு. அந்த வருடமே ஒரு வினோதம், அவர் போட்டியிடாமலே மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் யாருக்கும் கட்டுப்படாத தேர்வாளர்கள் 14 பேர் துணை அதிபர் பதவிக்கு அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். சீட்டில் இல்லாமலே ஓட்டு வாங்குவது இந்த மனிதருக்கு ஒரு ராசி போல.

1964 செப்டம்பர் 16 அன்று கட்சி மாறினார். லிங்கனின் கட்சியில், எட்ஜ்ஃபீல்டுக்காரர்! அதிபர் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார், தர்மண்டுக்கு அது போதும். நவம்பரில் கோல்ட்வாட்டர் நாடு முழுக்க மண்ணைக் கவ்வினாலும் தென் கரோலினாவில் ஜெயித்தார். 1966இல் தர்மண்ட் குடியரசுக் கட்சிக்காரராக நின்று 62 சதவீதம் வாங்கினார். பதினெட்டு வருடம் முன்னால் கட்சிப் பெயரை எடுத்துக்கொண்டு போனால் ஓட்டும் கூடவே வரும் என்று இருந்த மாநிலத்தில், இப்போது கட்சியைப் போட்டுவிட்டு ஆள் மட்டும் நடந்து போனார், ஓட்டு பின்னாலேயே போனது. 1954இல் அவர் பெயரை எழுதிப் பழகிய கைகளுக்கு 1966இல் வேறு பத்தியில் அதே பெயரைத் தேடுவது பெரிய வேலையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

1972, நிக் சீக்லர், 63 சதவீதம், சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் 1970இல் அவர் நிற்காத தேர்தல் ஒன்றுதான் முக்கியம். ஆளுநர் பதவிக்கு அவர் கை தூக்கிவிட்ட ஆல்பர்ட் வாட்சன் இனவெறியைக் கிளப்பிப் பிரசாரம் செய்து, மிதமாகப் பேசிய ஜான் வெஸ்டிடம் தோற்றார். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு அப்புறம் பட்டியல் மாறிவிட்டது. தர்மண்டுக்குக் கொள்கையைவிடக் கூட்டல் கழித்தல் நன்றாக வரும். அடுத்த வருடமே தாமஸ் மாஸ் என்ற கறுப்பினத்தவரைத் தன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்தார், தெற்கத்திய செனட்டர்களில் யாரும் அதுவரை பெரிதாகச் செய்யாதது. கறுப்பினக் கல்லூரிகளுக்கும் ஊர்களுக்கும் மத்திய நிதி வாங்கிக் கொடுத்தார். 1965இல் எதிர்த்த அதே வாக்குரிமைச் சட்டத்தை 1982இல் நீட்டிக்க ஆதரவாக ஓட்டுப் போட்டார், 1983இல் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கும். மனம் மாறினாரா, கணக்கு மாறியதா? 1948க்கு அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதில்லை என்பதால் என் சந்தேகம் இரண்டாவது பக்கமே நிற்கிறது.

1978தான் அவரை உண்மையில் பயமுறுத்திய தேர்தல். எதிரே பக் ராவனெல், இளைஞர், ஹார்வர்டில் படித்த முதலீட்டு வங்கிக்காரர். 1974இல் ஆளுநர் பிரைமரியில் ஜெயித்தும், மாநிலத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வசிக்கவில்லை என்று நீதிமன்றம் தகுதிநீக்கம் செய்து, அந்தக் குழப்பத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் வந்தார். தர்மண்டுக்கு வயது 75. கிழவர் என்று சொல்லவிடக் கூடாது. 1968இல் 66 வயதில் அவர் கட்டியிருந்தது 22 வயது நான்சி மூரை, முன்னாள் மிஸ் தென் கரோலினா. நான்கு சின்னக் குழந்தைகள். அப்பாவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எழுதிய பனியன்களைப் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தைகள் பிரசாரத்தில் சுற்றினார்கள், அதற்குமேல் யார் வயதைப் பற்றிப் பேசுவது? ராவனெல் நியூயார்க்கில் நிதி திரட்டும்போது “நான் நியூயார்க்கின் மூன்றாவது செனட்டராக இருப்பேன்” என்கிற மாதிரி சொன்னதாக ஒரு செய்தி வந்தது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். தர்மண்ட் தரப்பு விடவில்லை. 55.6க்கு 44.4. 1954க்கு அப்புறம் அவர் 60க்குக் கீழே இறங்கிய முதல் தடவை.

1984இல் மெல்வின் பர்விஸ், கொள்ளைக்காரன் டில்லிஞ்சரைத் துரத்திய எஃப்.பி.ஐ அதிகாரியின் மகன். 67 சதவீதம் தர்மண்டுக்கு. 1990இல் பாப் கன்னிங்ஹாம், 64. தூங்கிக்கொண்டே ஜெயித்த தேர்தல்கள். அதற்குள் மாநிலத்தில் அவருக்கு ஒரு வேறு உருவம் வந்துவிட்டது. பட்டம் வாங்கினால் வாழ்த்துக் கடிதம், வீட்டில் சாவு விழுந்தால் இரங்கல் கடிதம், ஓய்வூதியம் நின்றுபோனால் ஒரு போன். கொலம்பியாவில் என்னோடு வேலைபார்த்த ஒரு வயதான அம்மா, கறுப்பினத்தவர், தர்மண்ட் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார், அப்புறம் ஒரு நிமிடம் கழித்து, “ஆனா எங்க மாமாவுக்கு ராணுவப் பென்ஷன் வராம நின்னப்ப அந்தாள் ஆபீஸ்லதான் முடிச்சுக் குடுத்தாங்க” என்றார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார், ஒன்று மற்றொன்றை ரத்துசெய்யவில்லை.

1996இல் வயது 93. ஜெயித்து முடித்தால் பதவி முடியும்போது நூறு. எதிரே எலியட் குளோஸ், ஜவுளி ஆலைக் குடும்பத்து வாரிசு, தர்மண்டின் வயதில் பாதிகூட இல்லை. 53.4க்கு 44. அவருடைய எல்லா செனட் வெற்றிகளிலும் இதுதான் குறைந்த சதவீதம். ஆனால் ஓட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்: 6,19,859. 1954இல் அவரைத் தூக்கிவிட்ட ஒன்றரை லட்சத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தோற்ற குளோஸுக்கே 5,10,951. எட்கர் பிரவுன் வாழ்நாளில் கனவிலும் பார்த்திராத ஓட்டு அது. ஜனத்தொகை கூடியது கொஞ்சம், மீதி அன்றைக்கு வரிசையில் நிற்க விடப்படாதவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

இனி அந்தச் சிலை.

கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டிடத்தின் தெற்குப் பக்கம், வெண்கலத்தில், வேகமாக நடந்து வருகிற மாதிரி நிற்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே 1999இல் வைத்தது. பீடத்தின் கல்லில் பதவிகள், ஆண்டுகள், தேர்தல்கள், கடைசியில் பிள்ளைகள் பெயர். நான்கு பெயருக்குக் கீழே ஐந்தாவதாக எஸ்ஸி மே என்று இருக்கிறது. 1925இல் பிறந்தவர். அம்மா கேரி பட்லர், தர்மண்ட் வீட்டில் வேலைசெய்த 16 வயதுக் கறுப்பினப் பெண். 1948இல் தர்மண்ட் இனப் பிரிவினைக்காக நாடு முழுக்கக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தபோது, ஆரஞ்சுபர்க்கில் கறுப்பினத்தவருக்கான மாநிலக் கல்லூரியில் இந்த மகள் அவர் காசில் படித்துக்கொண்டிருந்தார். அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து, 78 வயதில், எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் வெளியே வந்து சொன்னார். 2004இல் கல்லில் பெயர் சேர்த்தார்கள்.

பெயரைச் சேர்ப்பது சுலபம், கீழே இடம் இருந்தது. ஆனால் மேலே நான்கு பிள்ளைகளின் தந்தை என்று ஏற்கெனவே செதுக்கியிருந்தார்கள். அந்த நான்கை நிரப்பி அதன்மேல் ஐந்து என்று வெட்டியிருக்கிறார்கள். நிரப்பிய பூச்சு கல்லோடு சரியாகச் சேரவில்லை. நான் போன அன்று நல்ல வெயில், விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், பழைய எண் கையில் தட்டுப்பட்டது.